புதுப்பிப்பு: உள்ளங்கையில் காசு நிற்கவில்லை என்று புலம்பியிருந்தேனே!

காசை மறைக்கும் மேஜிக் பழகுவது பற்றிப் போன பதிவில் இரண்டு விஷயம் சொல்லியிருந்தேன். எனக்குப் பிடித்தது ஃபிரெஞ்ச் டிராப் (ஒரு கையிலிருக்கும் காசை மறு கையால் எடுப்பதுபோல் நடித்து, அதே கையில் விட்டுவிடுவது). கிளாசிக் பாம் (காசை உள்ளங்கைச் சதையில் பிடித்து ஒளிப்பது) மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. இப்போது இரண்டுமே மாறிவிட்டன.

காசு விழுந்ததற்குக் காரணம், நான் கையை இறுக்கியதுதான். கட்டைவிரல் மேட்டுக்கும் எதிர்ப்பக்கச் சதைக்கும் நடுவே விளிம்பு லேசாக மாட்டினாலே போதும், விரல்களைத் தளர விட்டுவிடலாம். வித்தைக்காரர்கள் பலர் பயன்படுத்தும் அமெரிக்க அரை டாலர் 30.6 மி.மீ. அகலம், நம் பத்து ரூபாய் 27 மி.மீ. என் சின்னக் கைக்கு நம்மூர்க் காசே வசதி. (கை காய்ந்திருந்தால் வழுக்கும், லேசாக ஊதிக்கொள்ளுங்கள்.)

ஃபிரெஞ்ச் டிராப்பை ஓரங்கட்டிவிட்டேன். "மாமா, அந்தக் கையிலதான் இருக்கு!" என்று அக்கா மகனே கத்துகிறான். இப்போது ரிடென்ஷன் பாஸ்தான், அதாவது காசை இன்னொரு கையில் வைப்பதுபோல் காட்டி ஏமாற்றுவது. இன்னொரு கை மூடும் கடைசி நொடிவரை காசு பளிச்சென்று தெரிய வேண்டும். மூடிய பிறகும் பார்ப்பவர் கண்ணில் அது ஒரு கணம் தங்கும். அதற்குள் காசு பழைய கைக்கே திரும்பியிருக்கும். என் பார்வை காலிக் கையோடு போனால்தான் அவன் பார்வையும் போகும். இதற்குத்தான் கண்ணாடி முன்னால் ரொம்ப நாள் ஆனது.

நேற்று காட்டினேன். பயல் வாயைப் பிளந்தான். அப்புறம் காசைப் பிடுங்கிக்கொண்டு கடைக்கு ஓடிவிட்டான்.