மறு: மாக்சிபஸ்சன் – ‘சுட்டிகை’ வேண்டாம், ‘தணல் காட்டல்’ சரிவருமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். உலர்ந்த மூலிகையைக் கனியவைத்து அந்த வெப்பத்தால் செய்யும் சீன வைத்தியமான மாக்சிபஸ்சனுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம் அல்லவா, அது பற்றி வந்த இந்தக் கேள்விக்கு என் பதில்:

> சித்த மருத்துவத்தின் 32 புற மருந்துகளில் சுட்டிகை இருக்கிறதே, மாக்சிபஸ்சனுக்குப் புதுச்சொல் எதற்கு?

கோவை ஐயா கேட்பது நியாயம்தான். கையில் இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுவதில் எனக்கும் விருப்பமில்லை. ஆனால் சுட்டிகை என்பது தோலில் சூடு போடும் முறை; இந்த இடத்தில் அது பொருந்தாது. ஏன் என்று சொல்ல, இங்கே ரங்கூனில் நடந்ததை எழுத வேண்டும்.

லத்தா பக்கம் ஒரு சீன வைத்தியரிடம் முழங்கால் வலி, இடுப்பு வலி என்று நம் ஆட்கள் பலர் போகிறார்கள். வயதானவர்களுக்குப் பர்மிய மொழி பேச வரும், படிக்க வராது. அதனால் வாரம் இரண்டு நாள் நான் கூட உட்கார்ந்து மொழிபெயர்க்கிறேன். அங்கே கொடுக்கும் விளக்கத்தாளையும் தமிழில் எழுதினேன். முதலில் ‘மூலிகைச் சூடு வைத்தல்’ என்று போட்டிருந்தேன். ஒரு பெரியம்மா அதைப் படித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சின்ன வயதில் வலிப்புக்காக அவருக்கு வயிற்றில் சூடு போட்டிருக்கிறார்கள். தழும்பு இன்னும் இருக்கிறது. “இந்த வயசுல இன்னொரு சூடா?” என்று கேட்டார். சுட்டிகை என்று எழுதியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். ‘சுடு’ என்ற வினை அதில் வெளிப்படையாகவே நிற்கிறது.

வைத்தியர் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறுபாடு புரியும். உலர்ந்த மூலிகை இலையை இடித்துச் சலித்தால் பஞ்சு மாதிரி வருகிறது. அதைத் தாளில் இறுக்கிச் சுருட்டினால் பர்மாச் சுருட்டு அளவுக்கு ஒரு திரி. முனையைப் பற்றவைத்து, தீ அணைந்து கனியும்போது, தோலிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கிறார். முழங்கால் வலிக்காரர் என்றால் பெரும்பாலும் கால்சில்லுக்கு நாலு விரல் கீழே, வெளிப்பக்கமாக. சில நேரம் வட்டமாகச் சுற்றுவார். சில நேரம் கிட்டே கொண்டுபோவதும் எடுப்பதுமாக இருப்பார். சீனத்தில் அதற்குச் ‘சிட்டுக்குருவி கொத்தல்’ என்றே பெயர். சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனவர் வந்தால், தன் இரண்டு விரல்களை அந்த இடத்தின் இருபுறமும் வைத்துக்கொள்கிறார். சூடு ஏறினால் முதலில் அவர் விரலுக்குத் தெரிந்துவிடும். தோல் வெந்துவிடக் கூடாது என்பதில்தான் அவருடைய கவனம் முழுவதும். சுட்டிகையில் தோலைச் சுடுவதே சிகிச்சை.

தோல்மேல் நேரடியாக வைத்துக் கொப்புளம் எழச்செய்யும் பழைய முறையும் சீனத்தில் உண்டு. அந்த ஒன்றுக்குச் சுட்டிகையை வைத்துக்கொள்வோம். அங்கே அது சரியான சொல்.

அப்புறம், இதை யாரோ ‘குத்தூசி மருத்துவத்தின் துணைமுறை’ என்று எழுதியிருந்தீர்கள். அது சரியல்ல. சீனர்கள் ‘சென்ஜியு’ என்று ஒரே சொல்லாகச் சொல்கிறார்கள்: சென் ஊசி, ஜியு இந்தத் தணல். 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் இரண்டும் சேர்ந்துதான். 1973இல் சீனாவின் மாவாங்துய்யில், கி.மு. 168இல் மூடிய கல்லறையிலிருந்து எடுத்த பட்டுச்சுவடிகளில் உடலின் பதினொரு நாளங்களுக்கும் தணல் வைத்தியம் சொல்லியிருக்கிறது, ஊசியைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே இதற்குத் தனியாக நிற்கக்கூடிய பெயர் வேண்டும்.

அந்த மூலிகைப் பஞ்சின் ஆங்கிலப் பெயரை வைத்து ‘மாக்சா’ என்று அப்படியே எழுதலாம் என்பவர்களுக்கு: அது ஜப்பானியரின் ‘மொகுசா’ ஐரோப்பியர் வாயில் திரிந்தது. பர்மியர் குத்தூசி மருத்துவத்தை ‘அப்சைக்’ என்கிறார்கள். அப் என்றால் ஊசி, சைக் என்றால் நடுவது. பயிர் நடுவதற்கும் அதே வினைதான். வயலில் புழங்கிய வினையை அப்படியே வைத்தியத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நமக்கும் வீட்டுக்குள்ளேயே ஒரு வினை இருக்கிறது: காட்டுதல். சாம்பிராணி காட்டுகிறோம், வெற்றிலையை அனலில் காட்டிக் குழந்தை வயிற்றில் போடுகிறோம். தொடாமல் பக்கத்தில் பிடிப்பது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பெரியம்மாவின் வீட்டுக்குப் போய் விளக்கிச் சொல்லித் திரும்ப அழைத்து வந்தேன். சிகிச்சை முடிந்து மருமகளிடம், “ஒண்ணும் சுடலடி, தணல் காட்டுனாங்க, இதமா இருந்துச்சு” என்றார். தணல் என்பதும் மிகச் சரி: இது கொழுந்துவிட்டு எரிவதில்லை, கனிந்தே இருக்கிறது.

ஆக என் முன்மொழிவு: முறைக்குத் தணல் காட்டல். ‘தணற்காட்டல்’ என்று சேர்க்க வேண்டாம், ‘பால் குடித்தல்’ போல இயல்பாக விடலாம். குத்திய ஊசியின் பிடியில் பஞ்சைச் செருகிப் பற்றவைக்கும் முறைக்குத் தணலூசி. மூலிகை நம் மாசிபத்திரியின் இனம் (மாலையில் வைக்கிற மருக்கொழுந்தும் அதே குடும்பம்தான்). அதனால் பஞ்சுக்கு மாசிப்பஞ்சு, சுருட்டுக்கு மாசித்திரி.

யாழ்ப்பாணத்து நண்பர் மாசி என்றால் கருவாடுதான் என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ‘மாசித்திரி’ எனக்கும் முழுத் திருப்தி தரவில்லை. ‘பத்திரித்திரி’ நாக்கில் நிற்கவில்லை. விளக்கத்தாளின் புதிய படி அடுத்த வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. திரிக்கு இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
ரங்கூனிலிருந்து