மீடியாவிக்கி: எங்கள் குழு மட்டும் தொகுக்கும்படி செய்வது எப்படி?

கேள்வி:
சொந்த சர்வரில் மீடியாவிக்கி (விக்கிப்பீடியா இயங்கும் மென்பொருள்) ஓட்டுகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஆனால் தொகுப்பது நாங்கள் 6 பேர் மட்டும் என்பது திட்டம். அதன் அமைப்புகள் இருக்கும் லோக்கல்செட்டிங்ஸ் கோப்பில் '*' குழுவின் (வருகிற எல்லோரும் இதில் அடக்கம்) எடிட் உரிமைக்கு, அதாவது தொகுக்கும் உரிமைக்கு, ஃபால்ஸ் (இல்லை) போட்டேன். கணக்கில்லாமல் வந்து கிறுக்குகிறவர்கள் அன்றோடு ஒழிந்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் முதற்பக்கம் முழுக்க மாத்திரை விளம்பரம்! எல்லாம் புதிதாகப் பதிந்த கணக்குகள்; விசைப்பலகையில் பூனை நடந்தது போல் பெயர்கள். இத்தனைக்கும் 'எடிட்டர்' என்று ஒரு குழு தொடங்கி மற்ற 5 பேரையும் சேர்த்திருக்கிறேன் (நான்தான் நிர்வாகியாயிற்றே, எனக்கு எதற்கு?). எங்கே தப்பு?

பதில் 1:
ஃபால்ஸ் என்றால் தடை என்று நினைத்துவிட்டீர்கள். 'இந்தக் குழு வழியாகத் தரவில்லை' என்பதுதான் அதற்கு அர்த்தம். லாகின் செய்தவர் '*' குழுவிலும் இருப்பார், கணக்குள்ள எல்லோருக்குமான 'யூசர்' குழுவிலும் இருப்பார். ஏதாவது ஒன்று உரிமை தந்தால் போதும். யூசருக்கு எடிட் இயல்பாகவே உண்டு. அங்கேயும் ஃபால்ஸ் போட்டு, எடிட்டருக்கு ட்ரூ (உண்டு) போடுங்கள். அப்புறம் '*' குழுவின் கிரியேட்அக்கவுன்ட் (கணக்கு தொடங்கும்) உரிமையையும் எடுத்துவிடுங்கள். புது ஆள் வந்தால் நிர்வாகியே கணக்கு தொடங்கித் தரலாம்.

கேட்டவர்:
செய்தேன், குப்பை நின்றது. கூடவே நானும் நின்றுவிட்டேன்! என் பக்கத்தில் 'தொகு' காணவில்லை, 'மூலத்தைப் பார்' மட்டும்தான் இருக்கிறது.

பதில் 1:
அடைப்புக்குறிக்குள் சொன்னீர்களே, அதுதான் காரணம். நிர்வாகிக் குழுவான சிஸாப்புக்கு எடிட் தனியாகக் கிடையாது; யூசர் வழியாகத்தான் இதுவரை வந்தது. சிஸாப்புக்கும் ஒரு ட்ரூ வரி சேருங்கள். யாருக்கு என்ன உரிமை என்று 'பயனர் குழு உரிமைகள்' சிறப்புப் பக்கம் காட்டும். எதை மாற்றினாலும் அதை ஒருமுறை பாருங்கள்.

பதில் 2:
இவ்வளவு இறுக்க வேண்டுமா? வெளியார் திருத்தங்களும் வேண்டும் என்றால் முதற்பக்கத்தையும் முக்கிய வார்ப்புருக்களையும் (பல பக்கங்களில் சேர்க்கும் பொதுத் துண்டுகள்) மட்டும் மற்றவர்கள் தொகுக்காதபடி காக்கலாம். 'ஆட்டோகன்ஃபர்ம்டு' நிலைக்கு (கணக்குக்கு இத்தனை நாள், இத்தனை திருத்தம் ஆனதும் தானாகக் கிடைப்பது) காப்பு போடுவதானால் ஒரு விஷயம்: புதிதாக நிறுவிய மீடியாவிக்கியில் அதற்கு 0 நாள், 0 திருத்தம் என்றிருக்கும். அதாவது பதிந்த நொடியே நம்பிக்கைக்குரியவர்! ஆங்கில விக்கிப்பீடியாவில் 4 நாள், 10 திருத்தம்.

கேட்டவர்:
சிஸாப்புக்கு அந்த ட்ரூ வரியைச் சேர்த்ததும் 'தொகு' வந்துவிட்டது. வெளியார் விஷயத்தை அந்த 5 பேரிடமும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். இப்போதைக்கு மாத்திரை விளம்பரங்களை அழிக்கிற வேலையே நிறைய இருக்கிறது.