ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஆங்கிலத்தில் பேச வைக்க யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 9ஆம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வகுப்பில் 42 பேர். கட்டுரை என்றால் மனப்பாடம் செய்து அழகாக எழுதிவிடுகிறார்கள். ‘நேற்று சாயங்காலம் என்ன செய்தாய்?’ என்று ஆங்கிலத்தில் கேட்டால் தலை குனிந்துகொள்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்தின் 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்குத்தான் என்பது அவர்களுக்கும் தெரியுமே.

ஆளுக்கு ஒரு நிமிடம் பேசினாலே பாடவேளை முடிந்துவிடும். அதனால் இரண்டு இரண்டு பேராகப் பேச விட்டேன். ஒருத்தி கையில் பேருந்து நேர அட்டவணை, மற்றவள் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். முதல் வாரம் வகுப்பே கலகலப்பாக இருந்தது. அப்புறம் மெல்லத் தமிழுக்கு மாறிவிட்டார்கள். கூச்சப்படுகிற பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் இருப்பவர் சிரித்துவிடுவாரோ என்ற பயம்தான் பெரிது. அதற்காகவே நடுவில் திருத்துவதை நிறுத்திவிட்டு, பொதுவான பிழைகளைக் கடைசியில் கரும்பலகையில் எழுதுகிறேன். இதில் கொஞ்சம் பலன் தெரிகிறது.

பெரிய வகுப்பில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஜோடிகளை எப்படிப் பிரிக்கிறீர்கள்? தமிழுக்குத் தாவும்போது அதட்டாமல் எப்படித் திருப்பிக் கொண்டுவருகிறீர்கள்? பலர் வீட்டில் செல்பேசி இல்லை, அதனால் செயலிகள் வேண்டாம். காகிதமும் கரும்பலகையும் போதும் என்கிற மாதிரி இருந்தால் நாளைக்கே செய்து பார்ப்பேன்.