மூட்டை ஏற்றினால் செயின் ஊளையிடுகிறது, எவ்வளவு லூஸ் வைக்க வேண்டும்?

முருங்கைமூட்டை:
வணக்கம். என்னுடையது 125 சிசி வண்டி, பின்னால் டிரம் பிரேக், 428 செயின், 21,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரத்தில் நாலு நாள் விடிகாலையில் தோட்டத்திலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இரண்டு மூட்டை முருங்கைக்காய் கொண்டுபோவேன். போன வாரம் சர்வீஸ் விட்டதில் செயினை இழுத்து வைத்துக் கொடுத்தார்கள். தனியாக ஓட்டினால் ஒன்றும் தெரியவில்லை. மூட்டை ஏற்றினால் நாற்பதைத் தாண்டும்போது ‘ஊ’ என்று ஒரு சத்தம். கேட்டால், “டைட்டா இருந்தாதான் அண்ணே பிக்கப் வரும்” என்கிறார் அந்தப் பையன். சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பார்த்தேன். ஓர் இடத்தில் செயின் நன்றாக ஆடுகிறது, சக்கரத்தை அரைச் சுற்று தள்ளினால் விறைத்துக்கொள்கிறது. எதை வைத்து அட்ஜஸ்ட் செய்வது?

இரவுப்பயணி:
ஆயில் விடுங்க பாஸ், சரியாயிடும்.

பட்டறைக்காரன்:
தம்பி, ஆயில் விட்டால் சத்தம் குறையும், வியாதி போகாது. தேனியில் 22 வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். லூஸ் செயினால் வந்த செலவைவிட டைட் செயினால் வந்த செலவைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. வண்டியைத் தரையில் நிறுத்தி மூட்டையை ஏற்றுங்கள், வீட்டில் யாரையாவது உட்காரச் சொல்லுங்கள். இப்போது கீழ்ப்பக்கச் செயினை விரலால் தூக்கிப் பாருங்கள். ஆடவே ஆடாது என்று நினைக்கிறேன். காரணம் இதுதான்: பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்ம் மேலும் கீழும் ஆடுகிற போல்ட் ஓர் இடத்தில் இருக்கிறது, செயின் மாட்டுகிற முன் பல்சக்கரம், அதாவது முன் ஸ்ப்ராக்கெட், அதற்கும் முன்னால் இருக்கிறது. பாரம் ஏறி ஷாக் அமுங்கும்போது முன் ஸ்ப்ராக்கெட், அந்த போல்ட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரப் பார்க்கும். அந்தக் கோட்டில்தான் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே தூரம் அதிகம். செயின் நீளாது, அதனால் விறைக்கும். அந்த இழுப்பு முழுக்க கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கிலும் பின் வீல் பேரிங்கிலும் போய் விழும். கொஞ்சம் லூஸ் விடச் சொல்வது இதற்காகத்தான்.

அளவு: கீழ்ச் செயினின் நடுவில் ஸ்கேலை நிறுத்தி, மேலே முழுக்கத் தூக்கிய இடத்துக்கும் கீழே முழுக்க அழுத்திய இடத்துக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் மாதிரி வண்டிகளுக்குப் பெரும்பாலும் 25 முதல் 35 மில்லிமீட்டருக்குள் சொல்லியிருப்பார்கள், புத்தகத்தில் உள்ளதையே எடுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றி, எந்த இடத்தில் அதிகமாக விறைக்கிறதோ அங்கே இந்த அளவு வர வேண்டும். பலரும் லூஸ் இடத்தில் அளந்து இழுத்துவிடுகிறார்கள், உங்கள் பையனும் அதைத்தான் செய்திருப்பார். சுற்றும்போது இன்ஜின் ஆஃபில் இருக்கட்டும். கியர் போட்டு ஓடவிட்டுத் துணி பிடித்ததில் என் வலது மோதிர விரலில் நகம் இப்போது பாதிதான்.

அப்புறம், 20 கண்ணி அளந்து பாருங்கள். 428 புதுச் செயினில் ஒரு கண்ணி 12.7 மில்லிமீட்டர், இருபதுக்கு 254. அது 259-ஐத் தொட்டுவிட்டால் அட்ஜஸ்ட் செய்வது வீண்.

சந்துமுனை:
அண்ணே சொன்னதோடு ஒன்று. அளவு சைடு ஸ்டாண்டிலா சென்டர் ஸ்டாண்டிலா என்றும் புத்தகத்தில் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரம் தொங்கும், செயின் அதிக லூஸாகக் காட்டும். அதை நம்பி இழுத்தால் தரையில் இறக்கியதும் டைட்.

முருங்கைமூட்டை:
அளந்தேன் அண்ணே. மூட்டையோடு கீழ்ச் செயின் நாலு மில்லிமீட்டர்கூட அசையவில்லை. மூட்டையை இறக்கிவிட்டுப் பார்த்ததில் விறைப்பான இடத்தில் 11, லூஸான இடத்தில் 31. இருபது கண்ணி 260. பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசி ஓரத்தில் செயினைப் பிடித்து இழுத்தால் பாதிப் பல் வெளியே தெரிகிறது. செயின் மட்டும் மாற்றினால் போதுமா?

பட்டறைக்காரன்:
போதாது. பழைய பல் புதுச் செயினைச் சீக்கிரம் தின்றுவிடும், செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் செட்டாக வாங்குங்கள். முன் ஸ்ப்ராக்கெட் மூடியைக் கழற்றும்போது, ஷாஃப்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கிற ஷாஃப்ட் சீல் ஓரம் ஆயில் கசிகிறதா என்றும் பாருங்கள். செயினின் இணைப்புக் கண்ணியைப் பூட்டுகிற லாக் கிளிப்பின் மூடின பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்க்கட்டும்.

இரண்டு பக்க அட்ஜஸ்டர் நட்டையும் ஒரே அளவு திருப்புங்கள், நட்டில் ஒரு பட்டை என்றால் அந்தப் பக்கமும் ஒரு பட்டை. ஸ்விங் ஆர்மில் போட்டிருக்கிற அளவுக் கோடுகளை மட்டும் நம்பாமல், ஸ்விங் ஆர்ம் போல்டிலிருந்து ஆக்சில் வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்துப் பாருங்கள். ஆக்சில் நட்டை முறுக்கும்போது பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் செயினுக்கும் நடுவில் மடித்த துணியைக் கொடுத்துச் சக்கரத்தைப் பின்னால் சுற்றினால், சக்கரம் முன்பக்கம் இறுகி நிற்கும், நகராது. முறுக்கிய பிறகு துணியை எடுத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாறியிருக்கும். கடைசியாக பின் பிரேக். புதுச் செயினுக்குச் சக்கரம் முன்னால் வரும், பிரேக் ராடு லூஸாகும்.

முருங்கைமூட்டை:
நேற்று செட்டு மாற்றியாயிற்று. விறைப்பான இடத்திலேயே 30 வைத்தேன், மூட்டை ஏற்றினாலும் விரலுக்கு அசைகிறது. சத்தம் சுத்தமாக இல்லை. ஷாஃப்ட் சீல் ஓரம் லேசாக ஈரம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறேன். அண்ணே சொன்ன பிரேக்கை மட்டும் மறந்துவிட்டேன். தோட்டத்துச் சரிவில் இறங்கும்போது மிதி அடி வரைக்கும் போனது, முன் பிரேக்கைப் பிடித்து கேட்டுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினேன். கேட்டில் கட்டியிருந்த ஆடு இன்னமும் என் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிறது.

பட்டறைக்காரன்:
அந்த ராடு நட்டை ரெண்டு சுத்து முறுக்கிவிட்டு அப்புறம் மார்க்கெட் போங்க தம்பி. 500 கிலோமீட்டரில் இன்னொரு தரம் செயினை அளந்து பாருங்க, புதுசு கொஞ்சம் இறங்கும்.