புதுப்பிப்பு: ஐந்து பூனைகளும் ஓயாத படர்தாமரையும்

எங்கள் வீட்டுப் பூனைகளுக்குப் படர்தாமரை மூன்றாம் முறையாகத் திரும்பியிருப்பதாகச் சென்ற ஆடி மாதம் எழுதியிருந்தேன். இப்போது அது ஒழிந்துவிட்டது. புண் தெரிந்த பூனைக்கு மட்டும் களிம்பு தடவியதே எங்கள் பிழை. படர்தாமரையை உண்டாக்கும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்னும் பூஞ்சையை, உடலில் ஒரு வட்டப் புண்கூட இல்லாத பூனையும் உரோமத்தில் சுமந்து திரியக்கூடும். கால்நடை மருத்துவர் ஐந்து பூனைகளையும் புதிய பல்துலக்கும் பிரஷால் சீவி, மாதிரிகளைப் பூஞ்சை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பியபோது, நாங்கள் சந்தேகிக்கவே செய்யாத கிழப்பூனையிடமும் அது இருந்தது.

ஆகவே ஐந்துக்கும் ஒரே நாளில் சிகிச்சை தொடங்கினோம்: மருத்துவர் எடைக்கேற்ப அளந்து தந்த இட்ராகொனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்து, ஒரு வாரம் கொடுத்து மறுவாரம் இடைவெளி, வாரம் இருமுறை மைக்கோனசோலும் குளோர்ஹெக்சிடினும் கலந்த ஷாம்புக் குளியல் (நாங்கள் வாங்கிய கீறல்கள் தனிக்கதை). உதிர்ந்த உரோமத்தில் பூஞ்சை வித்துகள் ஓராண்டுக்கு மேலும் உயிருடன் இருக்கக்கூடும் என்பதால், துணிச் சோபாவை அகற்றி, பூனைகளை ஓரறையில் வைத்து, தரையிலுள்ள உரோமத்தை முழுவதும் எடுத்துச் சோப்பு நீரால் கழுவிய பிறகே நீர்த்த பிளீச்சால் துடைத்தோம். அழுக்கின் மேல் ஊற்றினால் அது பயன்படாது.

உரோமம் முளைத்ததும் முன்புபோல் மருந்தை நிறுத்திவிடாமல், அடுத்தடுத்த 2 சோதனைகளில் பூஞ்சை வளராத பின்னரே நிறுத்தினோம். பூனைகளிடமிருந்து தொற்றி மகளின் முழங்கையில் இருந்த வட்டமும் தோல் மருத்துவர் தந்த களிம்பில் மறைந்துவிட்டது.