நட்சத்திரச் சின்னம்
(குடும்ப வாட்ஸ்அப் குழு)

மீனா: பெரியப்பா, சட்டப் பாடத்துல ஒண்ணு இடிக்குது. "அரசாங்கம் எல்லாத்துலயும் கை வைக்கக் கூடாது"ன்னு சொல்ற ஒரு கட்சியை இன்னைக்குப் பதிவு பண்ண முடியுமா?

பெரியப்பா: ஏன் முடியாது? ராஜாஜி 1959லயே ஆரம்பிச்சாரே, சுதந்திரா கட்சி. நம்ம தாத்தா நட்சத்திரச் சின்னத்துக்கு ஊர் முழுக்க சுவர்ல எழுதினவர்.

மீனா: அப்ப முடிஞ்சுது. இப்ப மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல 29ஏ பிரிவு இருக்கு, 1989ல வந்தது. பதிவு கேக்குற கட்சி சோசலிசத்துக்கு விசுவாசமா இருப்போம்னு தன்னோட விதிமுறையில எழுதித் தரணும். அதை எதிர்க்கத்தான் அவர் கட்சியே ஆரம்பிச்சார்! நம்பாததை எழுதிக் கொடுத்தாத்தான் உள்ள விடுவாங்கன்னா அது என்ன நியாயம்?

கார்த்தி: அது ஜமீன்தார், முதலாளி கட்சின்னுதானே சொல்லுவாங்க?

பெரியப்பா: ராஜாக்கள் இருந்தாங்க, இல்லேங்கல. ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி 1962ல அதுல நின்னுதான் எம்.பி. ஆனாங்க. ஆனா நம்ம பக்கம் வேற கதை. 1959 ஜனவரியில நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டுல கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் போட்டாங்க. நிலத்தை ஒண்ணாச் சேர்த்து சாகுபடி பண்ணணும்னு. ரெண்டு மா நிலம் வச்சிருந்தவனுக்கும் வயித்துல புளி கரைச்சுது. அப்புறம் பெர்மிட். மாவட்டம் தாண்டித் தஞ்சாவூர் நெல் ஏத்திட்டுப் போக சீட்டு வேணும். தன் வயல்ல விளைஞ்சதை விக்க இன்னொருத்தன் கையெழுத்துக்குக் காத்திருக்கிறதான்னு தாத்தா கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தார்.

சித்தி: அத்தான், எல்லாம் சரி. அரசாங்கம் ஒதுங்கிக்கிட்டா நம்ம நெல்லை யார் வாங்குவா? போன குறுவையில மழை அடிச்சப்ப வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்டான். அரசாங்கக் கொள்முதல் நிலையம் இருந்ததாலதான் தப்பிச்சோம்.

மீனா: அங்கயும் ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டுச்சுன்னு திருப்பி அனுப்பினாங்களே சித்தி.

சித்தி: அனுப்பினாங்க. தார்ப்பாய் விரிச்சு ரோட்டுலயே காயவச்சு மறுபடி கொண்டு போனோம். 40 கிலோ சிப்பத்துக்கு, அதான் மூட்டைக்கு, இவ்வளவுன்னு கையில லஞ்சமும் வாங்கினாங்க. ஆனாலும் நெல்லை எடுத்துக்கிட்டாங்கல்ல?

பெரியப்பா: சித்தி சொல்றதுலதான் அந்தக் கட்சியோட முடிச்சே இருக்கு. 1952ல முதலமைச்சரா இருந்தப்ப உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தவர் ராஜாஜி. 1967ல காங்கிரஸை இறக்கணும்னு தி.மு.க.வோட கூட்டு சேர்ந்தார். அந்தத் தேர்தல்ல ஊரெல்லாம் கேட்டது "ரூபாய்க்கு மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்". சட்டமன்றத்துல சுதந்திராவுக்கு 20 இடம், மக்களவையில 44 இடத்தோட அதுதான் பெரிய எதிர்க்கட்சி. ஆனா இங்க ஜனங்க மனசுல நின்னது படி அரிசி. பெர்மிட்டை ஒழிக்கணும்ங்கிற பேச்சு அதுல அமுங்கிப் போச்சு. 1971ல மக்களவையில 8 இடம். 1974ல வேற கட்சியோட கலந்துட்டாங்க. பெரிய கட்சி தோள்ல ஏறின மூணாவது கட்சிக்குத் தன் குரல் மிஞ்சாது. தாத்தாவுக்கு அந்த வருத்தம் போகவே இல்லை.

கார்த்தி: ஆனா எதுக்கெடுத்தாலும் அரசாங்க அனுமதி கேக்குற லைசென்ஸ் ராஜ்யத்தை 1991ல காங்கிரஸ்காரங்களேதானே குறைச்சாங்க?

பெரியப்பா: ஆமா. ராஜாஜி போய்ச் சேர்ந்து கிட்டத்தட்ட 19 வருஷம் கழிச்சு.

மீனா: ரேஷனையும் கொள்முதலையும் மூடணும்னு நான் சொல்லல சித்தி. அப்படி நினைக்கிறவங்களும் கட்சி கட்டி, ஜனங்ககிட்ட வந்து ஓட்டுக் கேட்டுத் தோக்கட்டும். சட்டமே வாசல்ல மறிக்கக் கூடாது. ஊராட்சித் தலைவர் தேர்தல்ல கட்சிச் சின்னமே கிடையாது, அந்த உறுதிமொழி எழுதிக் கொடுத்த எந்தக் கட்சியிலயும் சேராம நிக்கலாம். அடுத்த தடவை நான் நிக்கப் போறேன்.

சித்தி: நின்னு?

மீனா: முதல்ல கிராம சபையில வரவு செலவை வரி வரியா வாசிக்க வைப்பேன். எந்தச் சான்றுக்கு என்ன கட்டணம், எத்தனை நாள்னு ஆபீஸ் சுவர்ல பெருசா எழுதிப் போடுவேன்.

சித்தி: அப்ப சிப்பத்துக்குக் காசு வாங்குறதையும் கேளு. அது ஊராட்சிக் கையில இல்லைன்னு தட்டிக் கழிக்காதே.

மீனா: கையில இல்லைதான் சித்தி. தீர்மானம் போட்டு கலெக்டருக்கு அனுப்பலாம். காசு கொடுத்தவங்க பேரு சொல்லிக் கையெழுத்துப் போடணும், போடுவீங்களா?

சித்தி: என் பேரை முதல்ல எழுது.