மூணா, நாலா, அஞ்சா? 'முழு உடம்பு' வைத்தியத்துல எந்தக் கணக்கு சரி?

அரைத்தூக்கம்:
ஆறு மாசமா நெஞ்செரிச்சல், கூடவே தூக்கமும் போச்சு. மூலிகை வைத்தியம் பாக்கற ஒருத்தர்கிட்ட போனேன். முக்கால் மணி நேரம் உக்கார வெச்சு பேசினார், நாக்க நீட்டச் சொன்னார், நாடி பாத்தார், கோவம் வருமா, வேர்வை எப்படி, கனவு வருமான்னு என்னென்னவோ கேட்டார், வயித்தப் பத்தி கேட்டது ரெண்டே கேள்வி. கடைசில "வயித்துல ஒண்ணுமில்ல, உடம்பு மொத்தமும் சமநிலை தப்பியிருக்கு, பித்தம் ஏறிடுச்சு"ன்னு ஒரு சூரணம் குடுத்தார். மூணு வாரமா சாப்பிடறேன், எரிச்சல் நிஜமாவே குறைஞ்சிருக்கு.

சரி என்னதான் இதுன்னு படிக்க உக்காந்தா தலை சுத்துது. இங்க வாதம் பித்தம் கபம்னு மூணு, பழைய கிரேக்க வைத்தியத்துல ரத்தம், சளி, மஞ்சப் பித்தம், கரும்பித்தம்னு நாலு, சீனாவுல மரம் நெருப்பு மண் உலோகம் தண்ணின்னு அஞ்சு. எல்லாருமே முழு உடம்பையும் பாக்கறோம்ங்கறாங்க. இருக்கறது ஒரே உடம்பு, கணக்கு மட்டும் எப்படிங்க ஆளுக்கொண்ணா வரும்?

கிறுக்கல்நோட்டு:
இது எதுவுமே உடம்ப அறுத்துப் பாத்து எண்ணின கணக்கு இல்லங்க. வளி, அழல், ஐயம்னு (வாதம், பித்தம், கபத்துக்கு தமிழ்ப் பேர்) சொல்றத கல்லீரல், கிட்னி மாதிரி ஒரு பொருளா தேடினா கடைசி வரைக்கும் கிடைக்காது. அசையறது ஒரு வேலை, செரிக்கறது சூடாக்கறது ஒரு வேலை, குளிர்ச்சியா பிடிச்சு நிறுத்தறது ஒரு வேலைன்னு பாத்தீங்கன்னா கொஞ்சம் பிடிபடும். கூடினாலும் நோய், குறைஞ்சாலும் நோய்னு குறள் 941ல வர்றது இந்த மூணுதான். கிரேக்கத்து நாலும் அதே ஜாதி, ஹிப்போகிரட்டஸ் பேர்ல இருக்கற நூல்கள்ல தொடங்கி 2ம் நூற்றாண்டுல கேலன்ங்கற வைத்தியர் கையில கெட்டிப்பட்டு, அத நம்பித்தான் ஐரோப்பால 19ம் நூற்றாண்டு வரைக்கும் காய்ச்சல்காரன் கையக் கீறி ரத்தத்த வடிச்சு விட்டுட்டு இருந்தாங்க. அதுவும் முழு உடம்பு வைத்தியம்தான், யாரும் விளம்பரத்துல சொல்றதில்ல.

இன்னொண்ணு. முழுசாப் பாக்கணும்ங்கற 'ஹோலிசம்' வார்த்தையே 1926ல வந்தது, உண்டாக்கினவர் வைத்தியர்கூட இல்ல, யான் ஸ்மட்ஸ்னு தென்னாப்பிரிக்க அரசியல்வாதி. அதே 1926லதான் வால்டர் கேனன்ங்கற உடலியல்காரர் 'ஹோமியோஸ்டேசிஸ்'னு பேர் வெச்சார், உடம்பு தன் சூடு, சர்க்கரை, உப்பு எல்லாத்தையும் ஒரு அளவுல தானே பிடிச்சு வெச்சுக்குதுன்னு. உங்க வைத்தியர் சொன்னதும் கேனன் சொன்னதும் ரெண்டுமே சமநிலை பேச்சுதான். ஆனா சர்க்கரை எவ்ளோன்னு கேட்டா நம்பர் வரும், பித்தம் எவ்ளோன்னு கேட்டா வைத்தியருக்கு வைத்தியர் பதில் மாறும்.

ஆமா_ஆனா:
எரிச்சல் குறைஞ்சது சூரணத்தாலன்னு மட்டும் நினைக்காதீங்க, அந்த முக்கால் மணி நேரத்துக்கும் பங்கு இருக்கலாம். 2008ல ஹார்வர்டு ஆளுங்க பண்ணின ஒரு ஆய்வு வந்துச்சு, குடல் எரிச்சல் நோய், அதான் ஐபிஎஸ், இருக்கற 262 பேர். ஒரு குரூப்ப சும்மா காத்திருக்க வெச்சாங்க, ஒரு குரூப்புக்கு தோல்ல குத்தாத போலி அக்குபஞ்சர் ஊசி, பேச்சு அதிகம் இல்ல, மூணாவது குரூப்புக்கு அதே போலி ஊசிதான் ஆனா முதல் தடவையே 45 நிமிஷம் உக்காந்து அக்கறையா கேட்டுப் பேசினாங்க. மூணு வாரம் கழிச்சு போதுமான அளவு சுகம்னு சொன்னவங்க 28, 44, 62 சதவீதம். உங்க முக்கால் மணி நேரம், உங்க மூணு வாரம், அப்படியே வருது பாருங்க :)

பச்சைஇலை:
ஏன் இவ்ளோ ஆராய்ச்சி. மூலிகைல சைட் எஃபெக்ட் கிடையாது, நம்பிக்கையோட சாப்பிடுங்க.

வேதியியல்வாத்தி:
@பச்சைஇலை 1990கள் தொடக்கத்துல பெல்ஜியத்துல உடம்பு இளைக்க சீன மூலிகை கலந்த மாத்திரை சாப்பிட்ட நூத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு கிட்னி கெட்டுச்சு, பேர் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்ததால ஒரு வேருக்கு பதிலா அரிஸ்டலோக்கியாங்கற விஷச் செடியோட வேர் உள்ள போயிடுச்சு. அவங்களும் நம்பிக்கையோடதான் சாப்பிட்டாங்க.

@அரைத்தூக்கம் தியரி சண்டைய விடுங்க. ஒரு மூலிகை முழு உடம்புலயும் வேலை செய்யும்னு நம்பினா, வேண்டாத வேலையையும் முழு உடம்புலயும்தான் செய்யும்னு சேத்து நம்பணும், அங்க மட்டும் எல்லாரும் நழுவிடறாங்க. மஞ்சளோட மிளகு சேத்தா நல்லதுன்னு எல்லாரும் ஃபார்வர்டு பண்றாங்கல்ல, 1998ல வந்த ஆய்வுல மஞ்சள்ல இருக்கற குர்குமின் 2 கிராமோட மிளகுல இருக்கற பைப்பரின் 20 மில்லிகிராம் குடுத்ததுல ரத்தத்துல சேர்ற குர்குமின் 20 மடங்கு ஆச்சு, உண்மைதான். ஆனா பைப்பரின் மஞ்சளுக்கு மட்டும் கதவத் திறக்கல, வலிப்புக்கு சாப்பிடற ஃபெனிட்டாயின் மாதிரி மாத்திரையும் அதே கதவுல கூடுதலா உள்ள வரும். உங்க சூரணத்துல என்னென்ன இருக்கு? வேற மாத்திரை எதாச்சும் எடுக்கறீங்களா?

அரைத்தூக்கம்:
டப்பால எழுதியிருக்கறபடி முதல்ல அதிமதுரம், அப்புறம் சீரகம், நெல்லிமுள்ளி, ஏலம். பிபிக்கு ஒரு மாத்திரை ரெண்டு வருஷமா போடறேன், நீர் பிரியற வகைன்னு சொன்னாங்க.

வேதியியல்வாத்தி:
அதிமதுரம் வயித்துக்கு இதமாத்தான் இருக்கும், அத மறுக்கல. ஆனா அதுல கிளைசிரைசின்னு ஒரு சரக்கு இருக்கு, கிட்னில கார்டிசால் ஹார்மோன அடக்கி வெக்கற ஒரு என்சைம அது தடுத்துடும். அடக்க ஆள் இல்லாத கார்டிசால், ஆல்டோஸ்டிரோன்ங்கற இன்னொரு ஹார்மோனோட வேலையப் பாக்க ஆரம்பிச்சுடும், உப்பும் தண்ணியும் உடம்புல தேங்கும், பொட்டாசியம் வெளிய போகும், பிபி ஏறும். நீர் பிரியற மாத்திரை பலதும் பொட்டாசியத்த வெளிய தள்ற வகை, ரெண்டும் ஒரே பக்கம் இழுத்தா இதயத் துடிப்பே தடுமாறலாம். சூரணத்த நிறுத்துங்க, பிபி மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட டப்பாவக் காட்டி பொட்டாசியம் டெஸ்ட் கேளுங்க. இன்னிக்கே பிபி பாருங்க.

அரைத்தூக்கம்:
இப்பதான் பாத்தேன், 158/96. போன மாசம் 130 கிட்ட இருந்துச்சு. சாக்ஸ கழட்டினா கணுக்கால்ல வரி வரியா பள்ளம், ஒரு வாரமா இருக்கு, சாக்ஸ்தான் டைட்டுன்னு நினைச்சுட்டு இருந்தேன். டாக்டர்கிட்ட பேசிட்டேன், காலைல ரத்தம் குடுக்கணும். அந்த வைத்தியருக்கும் போன் போட்டேன், "பிபி மாத்திரை சாப்பிடறத நீங்க சொல்லவே இல்லையே"ங்கறார். கனவு வருமான்னு கேட்ட மனுஷன் அத மட்டும் கேக்கல.